பலகாரத் தட்டில் ஒரு கார்ச் சாமான்

அத்தானின் காரைப் பற்றிக் கதை தொடங்கினால் அக்கா இன்றைக்கும் கதிரையை விட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். கோபம் என்று நினைக்க வேண்டாம். அங்கே நின்று தனியாகச் சிரிப்பதற்குத்தான். எனக்கு அப்படி எழும்பிப் போக முடியாது. அந்தக் கார் கொட்டாஞ்சேனைக்குப் போய்த் திரும்பியிருக்காவிட்டால் என் கலியாணத்தின் நிறமே வேறாக இருந்திருக்கும்.

கொழும்பில், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் அக்காவும் அத்தானும் வாடகைக்கு இருந்தார்கள். நான் அவர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். சண்டை ஓய்ந்து பாதை திறந்தால், அவித்துக் காயவைத்த பனங்கிழங்குப் புழுக்கொடியல் பையோடு வந்து இறங்குவார்கள். பாதை பூட்டினால் அவர்களின் குரல்கூட வராது. அந்த ஒழுங்கையில் எல்லாவற்றிலும் உப்புப் படியும். யன்னல் கம்பி, தையல் மெசின், அக்காவின் தலைமயிர், அத்தானின் கார். ரயில் போனால் வீடு நடுங்கும். நான் அப்போதே எதையாவது எழுதிக் கிழித்துக்கொண்டு அறைக்கும் வாசலுக்கும் நடந்து திரிகிற ஆள். அந்த வளவில் அசையாமல் இருந்தது கார் ஒன்றுதான்.

ஆமை முதுகும் வட்டக் கண்ணுமாக, அக்காவைவிட வயதில் மூத்த இங்கிலீசுக் கார். கொட்டாஞ்சேனையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் புறப்பட்ட ஒரு முதியவர் அதை அத்தானுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு சாக்கு. சாக்கு நிறையக் கழற்றிப்போட்ட பழைய சாமான்கள். "தம்பி, இதுக்குள்ள கிடக்கிறதெல்லாம் இந்தக் காரின்ரதான். ஒண்டையும் எறிஞ்சுபோடாதேங்கோ" என்றார். எது எங்கே பூட்டுவது என்று சொல்லாமலே விமானம் ஏறிவிட்டார். அத்தான் அந்த ஒரு வசனத்தைத் தேவாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டார்.

அத்தான் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞர். கறிவேப்பிலையைக்கூட அளந்து கிள்ளுகிற மனிதர். பெயர் தெரியாத ஒரு பொருள் வீட்டில் கிடப்பது அவருக்குச் சப்பாத்துக்குள் கல் கிடப்பது மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பேப்பரை விரித்துச் சாக்கைக் கவிழ்ப்பார். ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெயில் குளிக்க வார்ப்பார். பிரஷால் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். புதுச் சாமான் ஒன்றும் பேசாது, பாவித்த சாமான்தான் கதைக்கும் என்பது அவருடைய கொள்கை. எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த ஓட்டையில் துரு இல்லை, எந்த மூலையில் பழைய பெயின்ற் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். தேய்ந்த பக்கத்தைக் கண்டுவிட்டால் அது யாரோடு உரசி வாழ்ந்தது என்பதும் தெரிந்துவிடுமாம்.

"நான் எந்தப் பக்கம் தேஞ்சு போனன் எண்டு ஒருநாளும் பாக்கேல்லை" என்று குசினியிலிருந்து அக்காவின் குரல் வரும்.

"உன்ர பேர் எனக்குத் தெரியும்தானே" என்பார் அத்தான், தலை நிமிராமல்.

அப்படித்தான் சாக்கு மெல்ல மெல்ல வற்றியது. மழை துடைக்கும் கையின் முழங்கை. கண்ணாடி இறக்கும் பல்லுச்சில்லு. கதவுப் பிடிக்குள் இருக்கும் சுருள்வில். ஒவ்வொன்றுக்கும் பெயர் கிடைத்ததும் அத்தான் ஒரு தேத்தண்ணி கேட்பார். கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளை. அடியில் இரண்டு ஓட்டையுள்ள தட்டை, பக்கத்தில் குட்டிக் குழாய், உச்சியில் திருப்ப முடியாமல் இறுகிப்போன கைபிடி. பார்த்தால் தலை இல்லாத குருவி. குழாயின் வாய்க்குள் கேத்திலின் அடியில் படிகிற மாதிரி வெள்ளைப் படிவு. "தண்ணி போன வாய்" என்று அத்தான் அறிவித்தார். அதற்கு மேல் குருவி வாய் திறக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் என் கலியாணப் பேச்சு நடுவில் வந்து விழுந்தது. பேச்சு என்று சொல்வது மரியாதைக்கு, நாங்களே விரும்பி முடிவெடுத்ததுதான். கோட்டையில் நான் வேலை செய்த கந்தோரில் பக்கத்து மேசை மாப்பிள்ளையுடையது. கொட்டாஞ்சேனையில் வீடு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் இறங்கி வந்த குடும்பம். எங்கள் சொந்தக்காரருக்கு விஷயம் போனதும் வெள்ளவத்தையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதிரை கிரீச்சிட்டது. "யாழ்ப்பாணத்தில பெடியள் முடிஞ்சு போச்சினமோ?" என்று கேட்டார்கள். வரமாட்டோம் என்று சிலர் வாயால் சொன்னார்கள், சிலர் தலையைத் திருப்பிச் சொன்னார்கள். அப்பா வந்து நின்று பதில் சொல்லப் பாதை இல்லை. அத்தான்தான் சொன்னார். "மாப்பிள்ளையை நானே கொட்டாஞ்சேனைக்குப் போய், என்ர காரில ஏத்திக்கொண்டு வருவன். மண்டபத்து வாசலில இறக்குவன். பாக்க விரும்பினவை வாங்கோ."

சொல்லி ஒரு கிழமைகூட ஆகவில்லை, உச்சி வெயிலில், காலி வீதியில், காவலரண் ஒன்றுக்கு நேர் முன்னால் கார் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு தமிழனின் கார் காரணம் இல்லாமல் அப்படி ஓர் இடத்தில் நின்றால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. துவக்குகள் திரும்பின. அத்தான் இரண்டு கைகளையும் தூக்கினார். வழக்கமாக உள்ளுக்குள் டிக் டிக் என்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும் கார், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கடைசியில் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு ஆமிக்காரர்களே தள்ளிவிட்டார்கள்.

கார் வெயிலில்தான் நின்றது. தண்ணீர் போகிற சாமான் ஒன்று பூட்டப்படாமல் வீட்டில் கிடக்கிறது. அத்தான் இரண்டையும் கூட்டினார். அந்தக் குருவி தன் கூட்டில் இல்லாததால்தான் கார் சூடேறி நிற்கிறது என்று முடிவு கட்டினார். அது எது, எங்கே பூட்டுவது என்று தெரியாமல் மாப்பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்றார்.

"ஓட்டோ ஒண்டு பிடிச்சா வந்து சேருவார்" என்றாள் அக்கா.

"ஓட்டோவில வாறதுக்கு நான் எதுக்கு அவ்வளவு கதைச்சனான்?"

அவர் சொன்னதும் சரிதான். அந்தச் சொந்தக்காரர் முன்னால் என் மாப்பிள்ளை எப்படி வந்து இறங்குவார் என்பது இப்போது ஒரு பித்தளைத் துண்டின் கையில் இருந்தது.

பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோனால் ஆயிற்று என்று நீங்கள் சொல்வீர்கள். கொழும்பில் பழைய கார்ச் சாமான் எல்லாம் போய்ச் சேருகிற இடம் அது. அத்தான் கொண்டுபோனார். போகும் வழியில் பஸ்ஸை மறித்துப் பையைத் திறந்தார்கள். "மே மொகத்த?" என்று ஆமிக்காரன் கேட்டான். இது என்ன? அத்தானுக்குப் பொய் வராது. "தன்னே நே" என்றார். தெரியாது. கையில் கனமான ஒரு பித்தளைச் சாமான், அடையாள அட்டையில் யாழ்ப்பாணம், வாயில் தெரியாது. பின்னேரம் வரைக்கும் ஒரு மர வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். கந்தோரிலிருந்து மேலதிகாரி வந்து, இவர் எங்களுடைய ஆள்தான் என்று கையெழுத்து வைத்த பிறகே விட்டார்கள். சாமானையும் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் அது என்னவென்று விளங்கவில்லை.

"கார்ச் சாமான் எண்டு சொல்லியிருக்கலாமே?" என்று அக்கா அழுதுகொண்டே கேட்டாள்.

"சொன்னனான். என்ன சாமான் எண்டு கேட்டானே."

அன்றிலிருந்து அக்கா சட்டம் போட்டாள். சிங்களத்தில் பெயர் தெரியாத சாமான் எதுவும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. பெயர் தெரிய வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோக வேண்டுமென்றால் பெயர் தெரிய வேண்டும். அத்தான் வீட்டுக்கும் காருக்கும் நடுவில் நின்று சுற்றினார். படம் கீறிக் கொண்டுபோகலாமே என்று நான் சொன்னேன். தொழிலே அதுதானே. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்று பக்கமும் அளவு போட்ட ஒரு மர்ம இயந்திரத்தின் வரைபடம், சட்டைப் பையில், செக்பொயின்ட் வழியாக. "நீ கவிதை எழுது பிள்ளை" என்றார்.

வழி கண்டது அக்காதான். மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகும் நாள் நெருங்கியிருந்தது. பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு என்று வீடு முழுக்க எண்ணெய் மணம். அக்கா ஒரு பிடி கோதுமை மாவைக் குழைத்தாள். பித்தளைக் குருவியை முன்னால் வைத்து அதே மாதிரி இன்னொன்று செய்தாள். குழாய், தட்டை, இரண்டு ஓட்டை, உச்சியில் கைபிடி. மோதகம் பிடித்த விரல்கள் அல்லவா. அத்தான் பக்கத்தில் நின்று கைபிடி சரிந்திருக்கிறது, ஓட்டை வட்டமாக இல்லை என்று திருத்தம் சொன்னார். கடைசியில் எண்ணெயில் போட்டாள். பொரிந்து வந்தபோது கறுத்த பித்தளையின் நிறம் அச்சாக இருந்தது.

"இனி ஆமிக்காரன் கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"கேவும்" என்றார் அத்தான். சிங்களத்தில் பலகாரம். அது பொய்யும் இல்லை.

குறித்த நாளில் பெரிய தகரப் பேணி பலகாரத்தோடும், சின்னத் தகரப் பேணி பொரித்த சாமானோடும் இரண்டு பேரும் பஸ்ஸில் புறப்பட்டார்கள். கலியாணப் பெண் போகிற வழக்கம் இல்லை, நான் வீட்டில். அதனால் இனி நடந்ததை அக்காவும் என் கணவரும் பிறகு சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். இரண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

வழியில் பஞ்சிகாவத்தையில் இறங்கினார்கள். அத்தானுக்குப் பழக்கமான கடைக்காரர், மாளிகாவத்தை முஸ்லிம் ஆள், கிறீஸ் கையைத் துடைத்துவிட்டுச் சின்னப் பேணிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், இது பூட்டுற சாமானா, திங்குற சாமானா?"

"பூட்டுறது. மாவில செய்திருக்கிறம்."

"அப்ப பூட்டினா எறும்பு வராதா?" என்று கேட்டுவிட்டு, அவர் அதைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தார், திருப்பினார், மணந்தார். "நல்ல எண்ணெய்" என்றார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "இவ்வளவு பெரிசு காருக்கு வராது. லொறிட சாமான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அத்தான் அப்போதுதான் கவனித்தார். எண்ணெயில் போட்டதும் மா ஊதிவிட்டது. சாமான் பொம்மிப் பொம்மி ஒன்றரை மடங்காகியிருந்தது. அளவு என்ற ஒன்றையே தொழிலாக வைத்திருந்த மனிதரின் அளவை எண்ணெய்ச் சட்டி மாற்றிவிட்டது. கொட்டாஞ்சேனை போய்ச் சேரும் வரைக்கும் அவர் அக்காவோடு கதைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் கதவைத் திறந்தது அவருடைய அம்மா, என் வருங்கால மாமி. தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்ணாடிக்கு மேலால் பார்த்தே ஒரு வகுப்பை அடக்கக்கூடியவர். அக்காவின் கையிலிருந்த இரண்டு பேணிகளையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சின்னப் பேணியைக் கொடுக்கக் கூடாதென்று அக்காவுக்கு ஞாபகம் வந்தபோது அது குசினிக்குள் போயிருந்தது. கொண்டுவந்தவர்களுக்கும் சேர்த்துத் தட்டில் வைத்துப் பரிமாறுவது வழக்கம். தட்டு வந்தது. சுற்றிவரப் பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு. நட்ட நடுவில், தனி மரியாதையோடு, கார்ச் சாமான்.

அத்தானுக்கு வியர்த்தது. அக்கா சேலைத் தலைப்பைப் பார்த்தாள். யாழ்ப்பாணத்து விசேஷப் பலகாரம், ஒன்றே ஒன்று செய்திருக்கிறார்கள், அது மாப்பிள்ளைக்குத்தான் என்று அந்த வீடு தீர்மானித்திருந்தது. சம்பந்தம் புதிது, இரண்டு பக்கமும் மரியாதையில் விறைத்துப்போயிருந்தது. வேண்டாம் என்று யார் சொல்வது?

"எடுத்துக்கப்பா. ஒனக்குன்னு செஞ்சு கொண்டாந்திருக்காங்க" என்றார் அம்மா.

மாப்பிள்ளை எடுத்தார். எந்தப் பக்கம் கடிப்பதென்று ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். கைபிடியை வாயில் வைத்துக் கடித்தார். டக் என்று ஒரு சத்தம். உடைந்தது கைபிடியா பல்லா என்று சபைக்கு விளங்கவில்லை.

"ஐயோ, கைபிடி போச்சு" என்று அத்தான் எழும்பி நின்றார்.

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? அக்காவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. சிரிப்புக்கு நடுவில் கார், சாக்கு, காவலரண், வாங்கு, எண்ணெய்ச் சட்டி எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லி முடித்தாள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, "மாப்பிள்ளையை நடுவழியில விட்டிடக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவும்" என்றார்.

மாமி மகனின் கையிலிருந்ததை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"பலகாரம் இல்லைன்னு எனக்கும் தோணுச்சு தம்பி. எங்க, யாழ்ப்பாணத்துல இப்படித்தான் செய்வாங்களோ என்னமோன்னு மரியாதைக்குத் தட்டுல வச்சேன்." உடைந்த கைபிடியைப் பொருத்திப் பார்த்தார். "கொஞ்சம் ஊதிப் போயிருக்கு. இது ஹீட்டர் டெப்."

"என்ன டெப்?"

"ஹீட்டர். சூடு காட்டுறது. அதுக்குச் சுடுதண்ணி தொறந்து மூடுற கொழா. எங்கப்பா நுவரெலியாப் பக்கம் தோட்டத்துல கிளாக்கர். வெள்ளக்காரத் தொரை ஊருக்குப் போறப்ப அவரோட இங்கிலீசுக் காரை எங்கப்பாதான் வாங்குனாரு. பனிக் காலம் வந்தா பொனட்டத் தொறந்து இதத் திருப்பி விடுவாரு. இஞ்சின்ல இருக்க சுடுதண்ணி இது வழியா உள்ளுக்கு வந்து காலுக்குக் கதகதன்னு இருக்கும். நான் சப்பாத்தக் கழட்டிட்டுக் கால வச்சுக்குவேன். பனி முடிஞ்சா மறுபடி மூடிருவாரு." கொஞ்சம் நிறுத்தி, "கொழும்புல இத எதுக்குத் தம்பி தேடுறீங்க?" என்று கேட்டார்.

அத்தானின் முகத்தில் அப்போது வந்தது நிம்மதி என்று அக்கா சொல்வாள். அவமானம் என்று என் கணவர் சொல்வார். வெயிலில் நிற்கிற காருக்கு, அதைக் குணமாக்குமென்று, காலைச் சூடாக்குகிற சாமானை அல்லவா அவர் தேடியிருக்கிறார். கொழும்பில் பிறந்து வளர்ந்த கார்க்காரர்களும் யாழ்ப்பாணத்து வெயிலில் காய்ந்த அத்தானும் எவ்வளவு யோசித்திருந்தாலும் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். மனிதர் ஒருவர் காருக்குள் இன்னும் கொஞ்சம் சூடு வேண்டுமென்று கேட்பார் என்பது எங்கள் ஒருவருக்கும் வராத எண்ணம். அந்த முதியவர் சாக்கில் போட்டுக்கொடுத்தது பொய்யில்லை. அது அந்தக் காரினுடையதுதான். கொழும்புக்கு வந்ததும் எவரோ ஹீட்டரைக் கழற்றி, இருந்த இடத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

குருவியைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட்டதும் அத்தானுக்குக் காது கேட்கத் தொடங்கியது. கார் நின்ற அன்றைக்கு அந்த டிக் டிக் இல்லை என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அது பெற்றோல் பம்ப்பின் சத்தம். திறந்து பார்த்தால், மின்சாரம் தொடுகிற முனை கருகிக் கிடந்தது. தேய்த்துத் துடைத்துப் பூட்டினார். வெயிலில் காலி வீதியில் மூன்று தடவை ஓடிப் பார்த்தார். நிற்கவில்லை. அன்றைக்குத் தேத்தண்ணி கேட்காமலே அக்கா கொண்டுவந்து வைத்தாள்.

கலியாண நாள் காலை அத்தான் பட்டு வேட்டியோடு காரில் ஏறினார். ஏறும்போது பித்தளைக் குருவியைத் துடைத்துக் கண்ணாடிக்குக் கீழே முன் தட்டில் வைத்தார்.

"அது எதுக்கு இப்ப?" என்றாள் அக்கா.

"பேர் தெரியும்தானே. உன்ர சட்டப்படி சரி."

அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் எங்களை அடையாளம் காட்டிக்கொண்டே நடந்தவர்கள். எந்த ஊர், எதற்கு வந்தாய், யார் வீட்டில் இருக்கிறாய், எவ்வளவு நாள். கேட்கிறவனுக்குப் பொருந்துகிற பதில் வந்தால் போகலாம், வராவிட்டால் வாங்கில் இருக்கலாம். அத்தான் அந்த வாங்கைப் பற்றிப் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அவரிடம் இப்போது ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் விட அவருக்கு மனம் இல்லை.

திரும்பி வரும்போதுதான் மறித்தார்கள். பின்னால் தலைப்பாகையோடு மாப்பிள்ளை, பக்கத்தில் மாமி, பூமாலை கட்டிய கார். ஆமிக்காரன் சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தான். கை முன் தட்டுக்குப் போனது.

"மே மொகத்த?"

"ஹீட்டர் டெப் எக்க" என்றார் அத்தான். அவர் வாழ்க்கையில் சிங்களம் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லையாம். கார் ஓடும்போது உள்ளே சூடு தருவதற்கு என்று விளக்கமும் கொடுத்தார்.

தொப்பிக்குள்ளிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்த அந்தப் பெடியன் அவரைப் பார்த்தான். வெயிலைப் பார்த்தான். "மே ரஸ்னேட்டத?" என்றான். இந்தச் சூட்டுக்கா? பிறகு மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். மூன்று பேரும் குருவியைக் கை மாற்றிச் சிரிக்க, முகூர்த்தம் போகப்போகிறதென்று மாமி பின்னாலிருந்து வகுப்பறைக் குரலில் சிங்களத்தில் ஒரு வசனம் விட, சாமான் உடனே முன் தட்டுக்குத் திரும்பி வந்தது. தடையைத் தூக்கினார்கள்.

கார் நிற்கவில்லை. மண்டபத்து வாசலில், வரமாட்டோம் என்றவர்களும் எட்டி நின்று பார்க்க, அத்தான் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து மாப்பிள்ளையை இறக்கினார். உள்ளே மணவறையில் நான் குனிந்த தலையோடு இருந்தேன். அவர் பக்கத்தில் வந்து இருந்தார். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது, தலைப்பாகைக்குக் கீழே வியர்வை ஆறாக ஓடியது. ஐயர் மந்திரத்துக்கு மூச்சு எடுத்த இடைவெளியில் என் பக்கம் சரிந்து மெதுவாகச் சொன்னார்.

"உங்க அத்தான் கார்ல ஹீட்டர் நல்லாத்தாங்க வேலை செய்யுது."

தலை குனிந்தபடியே என் தோள் குலுங்கியது. பாவம், பாதை பூட்டி வர முடியாத தாய் தகப்பனை நினைத்து அழுகிறாள் என்று பின்வரிசையில் சொந்தக்காரர் கதைத்துக்கொண்டார்களாம். நான் யாரையும் திருத்தவில்லை. பாதி சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.